ஈகையா, கடமையா?

ஏழைக்கு உதவினால் அவன் சோம்பேறியாகிவிடுவான் என்று சிலர் அஞ்சுகின்றனர். உதவாவிட்டால் அவன் அழிந்துவிடுவான் என்று வேறு சிலர் கலங்குகின்றனர். இவற்றுள் எது உண்மை? தர்க்கத்தால் மட்டும் இதற்கு விடை காண இயலாது. ஏழையின் வாழ்வை அருகிலிருந்து கண்டவர்களிடம் கேட்க வேண்டும்.

ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972-ஆம் ஆண்டு ‘இக்ரிசாட்’ என்னும் சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. வறண்ட நிலப் பயிர்களை மேம்படுத்துவது அதன் பணி. ஆனால் விதையை அறிந்தால் போதாது. விதைப்பவனையும் அறிய வேண்டும். எனவே 1975-இல் அந்நிலையத்தார் அன்றைய ஆந்திரத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஆறு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வொரு கிராமத்திலும் 40 குடும்பங்கள். அவற்றுள் 10 நிலமற்றவை. ஆய்வாளர்கள் அங்கேயே தங்கி அவர்களது வரவையும் செலவையும் பல ஆண்டுகள் குறித்து வந்தனர்.

அந்தக் குறிப்புகளை ஆராய்ந்தோர் கண்டது என்ன? வருமானம் குன்றிய காலங்களில் விவசாயி உழவு மாட்டை விற்றான். பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்டது. மாட்டை விற்றவன் அடுத்த மழைக்கு எதைக் கொண்டு உழுவான்? முயற்சி இல்லாமையால் அவன் வீழவில்லை. முயற்சிக்குரிய கருவியையே அன்றைய பசிக்காக இழந்தான்.

மகாராஷ்டிர அரசு, கேட்பவருக்கு வேலை தரும் வேலை உறுதித் திட்டத்திற்கு 1977-இல் சட்டம் இயற்றியது; 1979-இல் அது நடைமுறைக்கு வந்தது. அத்திட்டம் நடைபெற்ற ஷிராப்பூர், கன்ஜாரா கிராமங்களில் நிலமற்றோரின் வருமானம், அத்தகைய திட்டம் இல்லாத ஆந்திரத்து அவுரேபள்ளியைவிட மிகக் குறைவாகவே ஏறி இறங்கியது. வெயிலில் மண் வெட்டிப் பெற்ற கூலி அது. சோம்பலை விரும்புபவன் அந்த வேலையைத் தேடி வருவானா?

2005-இல் நாடு முழுமைக்கும் ஊரக வேலை உறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆண்டுக்கு 100 நாள் வேலை கோருவது ஊரகக் குடும்பத்தின் உரிமையாயிற்று. 2025 டிசம்பரில் அதற்கு மாற்றாக, 125 நாள் வேலைக்கு வகைசெய்யும் வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டங்கள் மாறலாம், அவற்றின் பின்னுள்ள அறக்கேள்வி மாறுவதில்லை.

இங்கு ஓர் ஐயம் எழும். உழைக்க இயலாத முதியவருக்கும் நோயாளிக்கும் என்ன வழி? உழைப்பே மனிதனின் தகுதி என்றால் அவர்கள் தகுதியற்றவர்களாகிவிடுவர். அது அறமாகாது. இயன்றவனுக்கு வேலையும், இயலாதவனுக்கு ஓய்வூதியமும் ஒரே கடமையின் இரு பகுதிகளாகும்.

ஈகையில் ஓர் ஆபத்து உண்டு. கொடுப்பவன் உயர்ந்தவனாகவும் பெறுபவன் தாழ்ந்தவனாகவும் எண்ணப்படலாம். கடமையில் அந்த உயர்வு தாழ்வுக்கு இடமில்லை. கடனைத் திருப்பித் தருபவன் தன்னை வள்ளல் என்று கருதுவதில்லை. விளைச்சலை உண்பவர் அனைவரும் விளைவித்தவனுக்குக் கடன்பட்டவர்களே. அவனது நிலம் வறண்ட ஆண்டில் அவன் மாட்டை விற்காதிருக்கச் செய்வது தானமன்று. அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியை அடைப்பதே ஆகும்.