யார் செலவில் பொறுப்பது?

கேரளத்தின் சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் நாய் இல்லாத லயம் (தொழிலாளர் வரிசை வீடு) அபூர்வம். காட்டுப்பன்றி வந்தால் குரைப்பது அது. மதிகெட்டான் சோலைப் பக்கமிருந்தோ சின்னக்கானல் பக்கமிருந்தோ யானை இறங்கினால் முதலில் மோப்பம் பிடிப்பதும் அதுதான். அந்த நாய் சோற்றைத் தொடாமல் சுருண்டு கிடக்கும்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதா, இன்னும் ஒரு நாள் பார்ப்பதா என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலும் கிடைக்கும் பதில் ‘நாளைக்குப் பார்க்கலாம்’. இது கல்நெஞ்சிலிருந்து வரும் பதில் அல்ல. போனால் ஒரு நாள் கூலி போகும், ஜீப்புக்கும் மருந்துக்கும் காசு வேண்டும். தனக்குக் காய்ச்சல் என்றாலே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு களையெடுக்கப் போகிறவர்கள் வாழும் இடம் இது. ஆனாலும் தன் பல்வலியை ஒருவர் பொறுத்துக்கொள்வதற்கும் நாயின் வலியை நாயையே பொறுத்துக்கொள்ள வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னதில் முடிவெடுப்பவரும் அனுபவிப்பவரும் ஒருவரே. பின்னதில் முடிவு ஒருவருடையது, வலி இன்னோர் உயிருடையது. அதனால் காரணம் சொல்ல வேண்டியவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவர் அல்லர், காத்திருக்கச் சொல்கிறவர்தான்.

வலி இருந்தால் கத்தாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் கத்தாது. கால் முறிந்த நாயும் ஆள் வந்தால் வாலை ஆட்டும். அடிபட்ட நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வதை ‘ஓய்வெடுக்கிறது’ என்று நாம் புரிந்துகொள்கிறோம். நாயின் வலியை அளக்க கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய அளவுகோல் ஒன்றைக் கால்நடை மருத்துவர்கள் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். முனகலும் அதில் ஒரு கேள்விதான். காயத்தைத் திரும்பிப் பார்க்கிறதா, எழுந்து நடக்கத் தயங்குகிறதா, காயத்தைச் சுற்றி அழுத்தினால் என்ன செய்கிறது, எப்படிப் படுத்திருக்கிறது என்று மற்றக் கேள்விகள் போகின்றன. சத்தத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்று தெரிந்தவர்கள் செய்த அளவுகோல் அது. எனவே நாயின் மௌனம் காத்திருப்பவரின் கட்சிக்குச் சாட்சி சொல்லாது.

அப்படியானால் ஒவ்வொரு தும்மலுக்கும் ஓட வேண்டுமா? வேண்டாம். எலும்பைக் கடித்துவிட்டு ஒரு தடவை வாந்தியெடுத்து, தண்ணீர் குடித்து, சாயங்காலம் வழக்கம்போல் கோழியைத் துரத்துகிற நாய்க்கு டாக்டர் தேவையில்லை. வேறுபாடு காலத்தில் இருக்கிறது. ஏலக்காட்டில் வருஷத்துக்குப் பல சுற்று மருந்தடிப்பார்கள். அடித்த கையோடு வாய்க்காலில் கழுவிய வாளியை நாய் நக்கினால், குயினால்பாஸ் போன்ற பூச்சிமருந்துகள் சில மணி நேரத்திலேயே வேலை செய்துவிடும். வாயில் எச்சில் ஒழுகும், கண்மணி குண்டூசித் தலைபோல் சுருங்கும், தசைகள் துடிக்கும், மூச்சு திணறும். அதற்கு அட்ரோபின் ஊசி இருக்கிறது. ஆனால் அது நேரத்தோடு போட வேண்டிய ஊசி. இந்த நிலையில் உப்புத் தண்ணீரையும் முட்டையையும் தொண்டையில் ஊற்றுவது பலன் தராது. துடிக்கிற நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய் இன்னொரு நோயைக் கொண்டுவரும். குட்டி இரத்தமாகக் கழிந்து வாந்தியெடுத்தால் பார்வோ என்று சந்தேகிக்க வேண்டும். 1978-இல் உலகமெங்கும் பரவிய அந்தக் கிருமி, தடுப்பூசி போடாத குட்டியை ஓரிரு நாளில் காய வைத்துவிடும். பருவம் முடிந்து சில வாரங்களில் பெட்டை நாய் ஓயாமல் தண்ணீர் குடித்துச் சோர்ந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அழுகும் நோய் அது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால் வெளுத்திருப்பது, பல மணி நேரமாக முக்கியும் சிறுநீர் வராமல் இருப்பது, வயிறு உப்பி வெறும் ஓங்கரிப்பாய் இருப்பது ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. இங்கெல்லாம் ‘நாளைக்கு’ என்பது பொறுமை ஆகாது.

எனவே காத்திருத்தல் தன்னளவில் குற்றம் இல்லை. எதற்காகக் காத்திருக்கிறோம், எந்த அறிகுறி வந்தால் கிளம்புவோம், எந்த வேளைவரை பார்ப்போம் என்று முன்பே முடிவு செய்து, யாராவது ஒருவர் நாயின் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது ஒரு வகை வைத்தியமே. காலையில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் எட்டிப் பார்ப்பதை அப்படிச் சொல்ல முடியாது. இதற்கு எதிராகப் பெரியவர்கள் சொல்வது, ‘எங்க காலத்துல நாய்க்கு டாக்டர் ஏது, தானாத் தேறிடும்’ என்பது. தேறிய நாய்கள் லயத்தைச் சுற்றி நடமாடின, தேறாதவை ஓடை ஓரம் போய்ச் செத்தன, அவற்றை யாரும் எண்ணவில்லை. அந்தப் பேச்சில் ஒரு நியாயமும் இருக்கிறது: டாக்டரிடம் போவதுமே சில நேரம் நாய்க்குத் துன்பம். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பின் பின்புறம் குலுங்கிப் போவதைக் கிழ நாய்க்குச் செய்யும் உபகாரம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. உடம்பு முழுக்கப் புற்றுநோய் பரவிய நாயை வாரம்தோறும் ஊசிக்குத் தூக்கிப் போவது சில சமயம் வளர்ப்பவரின் ஆற்றாமைக்குச் செய்யும் வைத்தியம். ஆனால் அங்கேயும், இனி வைத்தியம் வேண்டாம் என்று முடிவு செய்ய ஒரு தடவையாவது டாக்டர் பார்க்க வேண்டும். வலியில்லாமல் முடித்துவைக்கிற வழியும் அவர் கையில்தான் இருக்கிறது.

இன்னும் கனமான ஆட்சேபம் காசு. பிள்ளையின் பள்ளிக் கட்டணமா நாயின் ஊசியா என்று வந்தால் பிள்ளை பக்கம் நிற்பவரைக் குறை சொல்ல எவருக்கும் தகுதியில்லை. ஆனால் லயத்து நாய் விஷயத்தில் இந்தத் தேர்வை அந்தக் குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டுவது ஏன்? 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒரு விலங்கைத் தன் பராமரிப்பிலோ பொறுப்பிலோ வைத்திருக்கும் எவரும் அதன் நலத்துக்கும் தேவையற்ற வலி அதற்கு நேராமலிருப்பதற்கும் வேண்டியதைச் செய்ய வேண்டும் என்கிறது. நாய் யாருக்குச் சொந்தம் என்று அது கேட்பதில்லை. 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் வலி, காயம், நோயிலிருந்து விடுபட்டிருப்பதை விலங்குகளுக்குரிய ஐந்து சுதந்திரங்களில் ஒன்றாக எடுத்துச் சொன்னது. ஸ்டோரில் காயும் ஏலக்காய்க்கு ராத்திரி முழுக்கக் காவல் இருந்தது அந்த நாய். அந்தக் காவலால் லாபம் அடைந்தவர் முதலாளி. சோறு போட்டவர் தொழிலாளி என்பதற்காகச் செலவும் அவருடையது என்பது கணக்கில் சேராது. காவலின் பலன் எந்தப் பக்கம் போனதோ, செலவின் பெரும்பங்கும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

காசில்லாமலும் செய்யக் கூடியவை சில உண்டு. கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது, மனிதருக்கான வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காமலிருப்பது (ஐபுபுரூபனும் டைக்ளோபினாக்கும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்), பஞ்சாயத்து முகாமில் வெறிநாய்த் தடுப்பூசி போடுவது. இந்த மூன்றாவதில் கணக்கு தலைகீழாகிறது: நாயைத் தூக்கிப் போவதற்குச் சரியான நேரம் அது நன்றாக இருக்கும்போதுதான். வெறி கண்ட பிறகு நாய்க்கும் வைத்தியம் இல்லை, அறிகுறி தொடங்கிய மனிதருக்கும் அநேகமாக இல்லை. 2022 செப்டம்பரில் பத்தனம்திட்டா மாவட்டத்தில் நாய் கடித்த 12 வயதுச் சிறுமி தடுப்பூசி போட்டும் இறந்துபோனதைக் கேரளம் மறந்திருக்காது. குணம் திடீரென்று மாறி, விழுங்க முடியாமல் தடுமாறி, கண்டதைக் கடிக்க வரும் நாயை மடியில் வைத்து ஜீப்பில் ஏற்றுவது கருணை ஆகாது. அதை ஒரு அறையில் அடைத்துவிட்டு டாக்டரை வரச் சொல்ல வேண்டும்.

வாகனம் இல்லை என்பது கடைசியாக வரும் வாதம். ஏலக்காய் மூட்டை புற்றடிக்கும் போடிக்கும் ஏலத்துக்குப் போகிற நாளில் இந்த வாதம் நிற்காது. காலையில் ஆள் இறக்கிய ஜீப் சாயங்காலம் வரை தோட்டத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்பதையும் எல்லாரும் அறிவார்கள். நாய் துடிக்கிறபோது அந்த ஜீப்பின் சாவியை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் கங்காணிக்கு உண்டா, முதலாளியிடம் கேட்டு வரும்வரை நிற்க வேண்டுமா என்பதைத் தோட்டங்கள் இன்னும் பேசி முடிவு செய்யவில்லை.