கிண்ணத்துக்கு அறங்காவலர், அணிக்கு முதலாளி

2024 ஏப்ரலில் அரிசோனா கயோட்டீஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி 120 கோடி டாலருக்குக் கைமாறியது. வாங்கியவர் யூட்டா மாநிலத் தொழிலதிபர் ரயன் ஸ்மித். விற்றவர் அலெக்ஸ் மெருவெலோ. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் ஒப்பந்தங்களும் சால்ட் லேக் சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. பெயரும் சின்னமும் மெருவெலோவிடமே தங்கின. ஐந்து ஆண்டுக்குள் புதிய அரங்கம் கட்டினால் அணியை மறுபடி தொடங்கலாம் என்று அவருக்கு ஒரு வாய்ப்பும் இருந்தது. இரண்டே மாதத்தில் அதையும் கைகழுவினார். விற்பனைக்கு முந்தைய இரண்டு பருவங்களும் அந்த அணி ஆடியது அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்தின் மல்லெட் அரங்கில். மாணவர் அணிக்காகக் கட்டிய அந்த அரங்கில் இருக்கைகள் ஏறக்குறைய 4,600. சொந்த அரங்கம் இல்லாத, டிக்கெட் வசூலுக்கு 4,600 இருக்கைகளே எல்லையான ஓர் அணிக்கு 120 கோடி டாலர் என்றால், விலைபோனது உண்மையில் எது? ஓர் அணியின் முதலாளி எதற்கு முதலாளி?

தனிச்சொத்துக்கு மேற்கத்திய மெய்யியல் கொடுத்த நியாயங்களில் பெயர்பெற்றது ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டில் சொன்னது. பொதுவில் கிடக்கும் ஒன்றில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது என்றார் அவர். இந்த அளவுகோல் அணி முதலாளிகளுக்குச் சங்கடமானது. திவாலாகிக் கிடந்த ஒட்டாவா செனட்டர்ஸ் அணியை 2003ல் யூஜின் மெல்னிக் வாங்கியபோது விலை 9.2 கோடி டாலர். அவர் இறந்தபின், 2023ல் அது ஏறக்குறைய 95 கோடி டாலர் மதிப்பில் விற்கப்பட்டது. இடைப்பட்ட இருபது ஆண்டில் அணி லீகின் உச்சப் பரிசான ஸ்டான்லி கிண்ணத்தை ஒருமுறைகூட வெல்லவில்லை. மதிப்பை ஏற்றியவை வேறு. தேசிய ஹாக்கி லீகில் இன்று 32 இடங்களே உண்டு என்ற பற்றாக்குறை ஒன்று. தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் இன்னொன்று. 2004-05 பருவம் முழுவதையும் கதவடைப்பில் பலிகொடுத்து முதலாளிகள் வாங்கிக்கொண்ட சம்பள உச்சவரம்பும் சேர்ந்துகொண்டது. இவற்றுக்கெல்லாம் அடியில், தலைமுறை தலைமுறையாக வந்து உட்கார்ந்த பார்வையாளர்கள் இருக்கிறார்கள். சில ஊர்களில் வரிப்பணமும் இருக்கிறது. கயோட்டீஸின் நஷ்டத்தை ஈடுகட்ட, அது முன்பு ஆடிய ஊரான க்ளெண்டேலின் நகராட்சி இரண்டு பருவங்களுக்கு, பருவத்துக்கு 2.5 கோடி டாலர் வீதம், அப்போது அணியை நடத்திய லீகுக்குக் கொடுத்தது.

லாக்கை மடக்க அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் 1974ல் ஒரு கேள்வி கேட்டார். என் தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றினால் கடல் எனக்குச் சொந்தமாகிவிடுமா, அல்லது சாறு வீணானதுதான் மிச்சமா? ரசிகரின் ஆரவாரமும் அந்தச் சாறுதான் என்று முதலாளிகள் தரப்பில் வாதிடலாம். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தார், ஆட்டம் பார்த்தார், கணக்கு தீர்ந்தது. நஷ்டம் வந்தால் அவரா தாங்குகிறார்? இது லேசான வாதமல்ல. 2009ல் கயோட்டீஸைத் திவாலாக அறிவிக்கக் கோரிய அப்போதைய முதலாளி ஜெர்ரி மோயஸ் இழந்தது நிஜப் பணம். ஆனாலும் உவமை இங்கே ஒட்டவில்லை. சாறு ஊற்றாவிட்டாலும் கடல் கடல்தான். பார்க்க ஆளில்லாத அணியோ பனித்தளத்தில் சிலர் செய்யும் உடற்பயிற்சி; அதற்கு 120 கோடி யாரும் தரமாட்டார்கள். 1995ல் கனடாவின் வின்னிபெக் நகரத்தில் ஜெட்ஸ் அணி ஊரைவிட்டுப் போகாமலிருக்க மக்கள் திரண்டு நிதி சேர்த்தார்கள். சிறுவர்கள் உண்டியல் காசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மறு ஆண்டே அணி பீனிக்ஸுக்குப் போனது. பின்னாளில் விற்கப்பட்ட கயோட்டீஸ் அதுதான். உண்டியலை உடைத்ததால் அந்தப் பிள்ளைகள் பங்குதாரர் ஆகிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. முதலாளியின் உரிமை முழு உரிமை அல்ல, அவ்வளவே.

இதை முதலாளிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. அதே 2009 வழக்கில் பிளாக்பெர்ரி புகழ் ஜிம் பால்சிலி, கயோட்டீஸைக் கனடாவின் ஹாமில்டனுக்குக் கொண்டுபோகும் எண்ணத்தோடு 21.25 கோடி டாலர் தர முன்வந்தார். லீகும் அணியை வாங்க முன்வந்தது; அது தருவதாகச் சொன்ன விலையோ அதைவிட மிகக் குறைவு. ஆனாலும் லீகின் எதிர்ப்பை மீறி அணியை அவருக்குக் கொடுக்க நீதிபதி மறுத்தார். கடைசியில் லீகே அணியை வாங்கிக்கொண்டது. யாருக்கு விற்கலாம், எந்த ஊரில் ஆடலாம் என்பதில் மற்ற முதலாளிகளுக்குப் பேச்சுரிமை உண்டு என்று ஆனது. 2024 விற்பனையிலும் மெருவெலோவுக்குப் போனது 100 கோடிதான். மீதி 20 கோடி இடமாற்றக் கட்டணமாக மற்ற அணி முதலாளிகளுக்குப் பங்கிடப்பட்டது. ஓர் அணி இடம்பெயரும்போது அதன் சொந்தக்காரரைத் தவிர வேறு சிலருக்கும் ஈடு தரவேண்டும் என்ற கொள்கை, ஆக, நடைமுறையிலேயே இருக்கிறது. அந்த வேறு சிலர் யார் என்ற பட்டியலில் ஊர் மட்டும் இல்லை.

இந்த ஆட்டத்தின் உச்சிப் பரிசு மட்டும் யாருக்கும் சொந்தமில்லை என்பதையும் பார்க்கவேண்டும். 1892ல் கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு கிண்ணத்தைக் கொடுத்தபோது இரண்டு அறங்காவலர்களை நியமித்தார். எத்தனை முறை வென்றாலும் அது எந்த அணியின் உடைமையும் ஆகாது என்று விதித்தார். 2005ல் பருவமே ரத்தானபோது, டொராண்டோவில் பொழுதுபோக்குக்காக ஹாக்கி ஆடும் சிலர் கிண்ணம் லீகின் ஏகபோகமா என்று நீதிமன்றம் போனார்கள். லீக் ஆடாத ஆண்டில் அறங்காவலர்கள் அதை வேறொரு அணிக்கு வழங்கலாம் என்று மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டது. கீதையின் அபரிக்கிரகத்தை, அதாவது உடைமை கொள்ளாமையை, ஆங்கிலச் சட்டத்தின் இதே அறங்காவலர் கருத்து வழியாகத்தான் புரிந்துகொண்டதாகக் காந்தி தன் சுயசரிதையில் சொல்கிறார். பெருஞ்செல்வத்தை ஆளலாம், ஆனால் அதில் ஓர் அணுவும் தனதில்லை என்று நடக்கவேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். கோடீஸ்வரர்களின் மனமாற்றத்தை நம்பி எழுப்பிய கொள்கை என்று காந்தியைக் குறைசொல்வார்கள். கிண்ணத்தின் கதையில் மனமாற்றம் தேவைப்படவில்லை. எழுதிவைத்த நிபந்தனையும் அதைக் கேட்க ஒரு நீதிமன்றமும் போதுமாக இருந்தன.

அப்படியானால் நஷ்டத்தில் ஓடும் அணி அந்த ஊரிலேயே கிடந்து சாகவேண்டுமா? வின்னிபெக்கின் இழப்புதானே பீனிக்ஸுக்கு 28 ஆண்டு ஹாக்கி கொடுத்தது, யாருடைய பற்று பெரிது? எனக்குத் தெரிந்து எழக்கூடியவற்றில் கடினமான மறுப்பு இது. அறங்காவல் என்றால் அசையாமை என்று பொருளில்லை. கோயில் நிலத்தைக்கூட விற்கலாம். ஆனால் கோயிலின் நன்மைக்காகத்தான் விற்கலாம், அனுமதியும் பெறவேண்டும், தொகையைத் தர்மகர்த்தா தன் மடியில் கட்டிக்கொள்ள முடியாது. சுவீடனில் ஹாக்கி கிளப் கம்பெனியானாலும் வாக்குகளில் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்கவேண்டும் என்பது விதி. பெரும் பணம் அங்கே வருவதில்லைதான், தேர்ந்த ஆட்டக்காரர்கள் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்தான். வட அமெரிக்க லீக் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. இடமாற்றக் கட்டணத்தில் ஒரு பங்கு, அணி விட்டுச்செல்லும் ஊரில் பிள்ளைகள் சறுக்கி ஆடும் பனித்தளங்களுக்குப் போகட்டும். வாக்களிக்கும் முதலாளிகளின் மேசையில் அந்த ஊருக்கும் ஒரு நாற்காலி போடட்டும்.