முதல் பெஞ்சுக்கு ஒரு வாத்தியார்

வெளிநாட்டுப் பள்ளியில் ஓராண்டு சம்பளமில்லாமல் ஆங்கிலம் நடத்திவிட்டுத் திரும்பியவர்களின் அனுபவக் கட்டுரைகளை விரும்பிப் படிப்பேன். நாடு மாறும், சாப்பாடு மாறும், மழைக்காலம் மாறும். அந்த ஒரு மாணவன் மட்டும் மாறவே மாட்டான். மணி அடித்த பிறகும் போகாமல் நிற்பான். புத்தகம் இரவல் கேட்பான். விடைபெறும் நாளில் தானே எழுதிய ஆங்கிலக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டுவான். அந்த ஓராண்டு வீண்போகவில்லை என்பதற்கு அவனே சாட்சி.

அவனை எனக்கும் தெரியும். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அவன் முதல் பெஞ்ச். நான் லீவு போட்டாலும் படித்துவிடுவான்.

அக்கா மகள் பொறியியல் முடித்திருக்கிறாள். வேலைக்குப் போகுமுன் ஓராண்டு கென்யாவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆசை. (சேவை செய்யப்போகிறவள் எதற்குத் தன்னை அனுப்பும் நிறுவனத்துக்குப் பணம் கட்டவேண்டும் என்பது அக்காவுக்கு இன்னும் விளங்கவில்லை.) "நீங்க என்ன சொல்றீங்க சித்தி?" என்று அவள் கேட்டபோது எனக்கு மைக்கேல் கிரெமர்தான் நினைவுக்கு வந்தார்.

1985இல் ஹார்வர்டில் பட்டம் வாங்கிய கையோடு கிரெமர் மேற்குக் கென்யாவின் காகமேகா பக்கம் போய் ஒரு பள்ளியில் ஓராண்டு பாடம் நடத்தினார். இப்படி மற்ற இளைஞர்களையும் அனுப்ப 1986இல் ஹார்வர்டு நண்பர்களோடு சேர்ந்து 'வேர்ல்டுடீச்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இதுவரை நாம் கேட்ட கதைதான். பிறகு பொருளாதார ஆய்வாளராக அதே வட்டாரத்துக்குத் திரும்பினார். புசியா, தேசோ மாவட்டங்களில் 100 தொடக்கப் பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1996இல் முதற்கட்டமாக 25 பள்ளிகளுக்கு மட்டும் பாடநூல்கள் தரப்பட்டன. அதுவரை பல பிள்ளைகள் ஒரே புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த வகுப்புகள். புத்தகம் கிடைத்தால் மதிப்பெண் ஏறும் என்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்?

சராசரி மதிப்பெண் ஏறவில்லை. முன்பே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் இன்னும் மேலே போனார்கள். காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அங்கே பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, அடுத்தது சுவாஹிலி, ஆங்கிலம் மூன்றாவது. படிக்க முடிந்தவனுக்கே புத்தகம் உதவியது. இப்படிக் களத்தில் பரிசோதித்துப் பார்க்கும் முறைக்காகவே 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தொண்டுக்குப் போகும் வெளிநாட்டு ஆசிரியரும் அப்படி ஒரு பாடநூல்தான். அவர் பேச்சு யாருக்குப் புரிகிறதோ அவர்களோடுதான் பழக்கம் உண்டாகும். நன்றியும் அவர்களிடமிருந்தே வரும், அவருக்குப் புரிகிற மொழியில் அதைச் சொல்ல அவர்களால்தான் முடியும் என்பதால். 1968இல் சிந்தனையாளர் இவான் இல்லிச், மெக்சிகோவில் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களிடம், சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்கிறேன் என்று மட்டும் வராதீர்கள் என்றார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. ஆனால் வந்தவர்கள் தங்களைப்போலவே இருப்பவர்களோடு மட்டும்தான் பேசமுடியும் என்று அவர் கண்டது சரி.

இது கென்யாவோடு நிற்கிற விஷயமா? நம் வீட்டில் வேலை செய்கிறவரின் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டச் சம்மதிக்கும்போது நாம் முதலில் கேட்பது மார்க் ஷீட்டை. தேறாத பையனுக்குக் கட்டினால் பணம் வீண் என்று நினைக்கிறோம். தேறுகிறவனோ எப்படியும் ஒரு வழி கண்டுபிடிப்பான். கொடுக்கிற கைக்குப் பலன் கண்ணில் தெரியவேண்டும். அந்த ஆசை தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் யார் பக்கம் கை நீளும் என்பதை அதுவே தீர்மானித்துவிடுகிறது.

முதல் பெஞ்ச் பிள்ளைக்கு உதவி தேவையில்லை என்றும் நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் ஆசிரியர் உண்மையிலேயே தேவைப்பட்ட காலமும் இருந்தது. 1963இல் விடுதலை அடைந்த பிறகு கென்யக் கிராமத்து மக்கள் தாங்களே பணம் திரட்டி 'ஹராம்பே' பள்ளிகளைக் கட்டினார்கள். கரும்பலகை இருந்தது, முன்னால் நிற்க ஆள் போதவில்லை. அன்று போன வெளிநாட்டு இளைஞர் ஒரு காலியிடத்தை நிரப்பினார். இன்று நிலைமை வேறு. ஆசிரியர் பயிற்சி முடித்த கென்யர்கள் பலர் வேலைக்காகக் காத்திருக்கிறார்கள்.

அதனால் அவளிடம், "போ, ஆனா தனியா வகுப்பு எடுக்காதே" என்றேன். உள்ளூர் ஆசிரியர் நடத்தும்போது கடைசி பெஞ்சில் போய் உட்காரட்டும். இன்ஸ்பெக்டர் இல்லாத நேரத்தில் நான் பாசிவ் வாய்ஸைத் தமிழில் விளக்கியதுபோல அவரும் சுவாஹிலியில் எதையாவது விளக்குவார். அந்த இடத்தில்தான் பாடம் நடக்கும். அது புரியும் அளவுக்காவது சுவாஹிலி கற்றுக்கொண்டு போகச் சொன்னேன்.

அவள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள்: அந்த வகுப்புக்கு இப்போது ஆங்கிலம் எடுப்பவர் யார், நான் வந்தால் அவருக்கு என்ன வேலை என்று. பதில் வந்தபிறகு டிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.