பழியைப் பங்கிட முடியுமா?

வினையைச் செய்தவனையே அதன் பயன் சாரும் என்பது நம் நாட்டுச் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான கொள்கை. ஆனால் லட்சக்கணக்கான மக்கள் ஒரே கொடியின் கீழ் நின்று, சிலர் கட்டளையிட, பலர் அதை நிறைவேற்ற, எஞ்சியோர் கண்டும் காணாதவர்போல் இருக்க, ஒரு மகாபாதகம் நடந்து முடிந்தபின், அதன் பழி எவர் கணக்கில் ஏறும் என்று கேட்டால், தனித்தனி ஆத்மாவைக் கருதி எழுந்த அந்தக் கொள்கை நேராக விடை சொல்வதில்லை. நம் இலக்கியத்தில் இளங்கோவடிகள் இவ்வினாவை நெருங்கி வந்தார். அரசன் இழைத்த அநீதிக்காக மதுரை மாநகரமே எரிந்தது; எனினும் முதியோரையும் குழந்தைகளையும் அறநெறியில் நின்றோரையும் தொடாதே என்று கண்ணகி தீக்கு ஆணையிட்டாள். இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் குண்டுவீச்சாலும் பீரங்கியாலும் பெர்லின் நகரை எரித்த தீக்கு அத்தகைய ஆணையை எவரும் இட்டிருக்கவில்லை.

அந்நகரம் 1945 மே 2 அன்று சோவியத் படைகளிடம் சரணடைந்தது. ஆனால் அதைக் கூறுபோடும் கோடுகள், போர் இன்னும் மும்முரமாக நடந்துகொண்டிருந்த 1944 செப்டம்பர் 12 அன்றே, லண்டனில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தில் முடிவாகிவிட்டன. 1920-இல் நகர நிர்வாகத்துக்கென வகுக்கப்பட்ட 20 வட்டாரங்களின் எல்லைகளே இப்போது வல்லரசுகளின் எல்லைகளாயின. கிழக்கேயிருந்த 8 வட்டாரங்கள் சோவியத் யூனியனுக்கும், 6 அமெரிக்காவுக்கும், 6 பிரிட்டனுக்கும் என்று அமைந்தன. பின்னர் வந்து சேர்ந்த பிரான்ஸுக்குப் பிரிட்டனின் பங்கிலிருந்து வடமேற்கில் 2 வட்டாரங்கள் ஒதுக்கப்பட்டன. குப்பை வாரவும் வரி வசூலிக்கவும் வகுத்த எல்லைக்கு, பின்னொரு நாள் மனிதரின் உயிரும் உறவும் அதைக்கொண்டு அளக்கப்படும் என்பது எவ்வாறு தெரியும்? பெர்னாவர் தெருவில் அந்த எல்லை வீடுகளின் முகப்புச் சுவரை ஒட்டி ஓடிற்று. ஆதலால் ஒரு பக்கத்து வீடுகள் சோவியத் பகுதியிலும், அவ்வீடுகளின் வாசற்படிக்கு வெளியே இருந்த நடைபாதை பிரெஞ்சுப் பகுதியிலும் அமைந்தன. அதே தெருவில் 1894 முதல் நின்ற ஒரு தேவாலயத்துக்கு ஒப்புரவு ஆலயம் என்று பெயர். ஆலயம் சோவியத் பகுதியில்; சபையாரில் பெரும்பாலோர் பிரெஞ்சுப் பகுதியில். 1961-இல் சுவர் எழுந்தபோது அது எவரும் அணுக இயலாத காவல் நிலத்தில் அகப்பட்டது. 1985 ஜனவரியில் கிழக்கு ஜெர்மன் அரசு அதை வெடிவைத்துத் தகர்த்தது.

1945 ஜூன் 5 அன்று நான்கு வல்லரசுகளும் ஜெர்மனியின் முழு இறைமை அதிகாரத்தையும் தாமே ஏற்பதாகப் பிரகடனம் செய்தன. பெர்லினை ஆள ‘கமாண்டதுரா’ என்ற கூட்டு நிர்வாக சபை ஒன்று அமைந்தது. நால்வரும் ஒருமனப்பட்டாலன்றி அதில் எந்த முடிவும் செல்லாது. 1948 ஜூனில் சோவியத் பிரதிநிதி அதிலிருந்து வெளியேறினார். அதன்பின் நிகழ்ந்த முற்றுகை, ஏறக்குறைய ஓராண்டுக் காலம் மேற்குப் பகுதி மக்களுக்கு உணவையும் நிலக்கரியையும் சுமந்துவந்த விமானங்கள், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் எழுந்த சுவர் என்பன யாவரும் அறிந்த சரித்திரம். என் கவலை நாஜி ஆட்சி இழைத்த மகாபாதகத்தின் பழியைப் பற்றியது. நகரத்தை நான்காகப் பிரித்தார்கள். நகரத்தின் பாவமும் அதனுடன் பிரிந்ததா?

இதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் கார்ல் யாஸ்பர்ஸ் என்ற தத்துவ ஞானி. அவருடைய மனைவி யூத குலத்தவர்; அக்காரணத்தால் 1937-இல் பேராசிரியர் பதவியை இழந்து, எந்த நாளும் மனைவி பிடித்துச் செல்லப்படலாம் என்ற அச்சத்தோடு போர்க்காலத்தைக் கழித்தவர். பிறரைக் குற்றம் சாட்ட அவரைவிட உரிமை பெற்றவர் அந்நாட்டில் சிலரே. அப்படிப்பட்டவர் போர் முடிந்த குளிர்காலத்தில், ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில், பசியோடும் மனக்கசப்போடும் வந்தமர்ந்த மாணவர் முன் நின்று, நம் குற்றம் யாது என்று விசாரிக்கத் தொடங்கினார். 1946-இல் நூலாக வெளிவந்த அச்சொற்பொழிவுகளில் குற்றத்தை நால்வகையாகப் பிரித்தார். சட்டத்தை மீறிய குற்றத்துக்கு நீதிமன்றம் நீதிபதி. தன் அரசு செய்தவற்றுக்கு ஒவ்வொரு குடிமகனும் பொறுப்பாளி என்ற அரசியல் குற்றத்தில் தீர்ப்புச் சொல்பவன் போரில் வென்றவன். ஒழுக்கக் குற்றத்தை விசாரிக்க அவரவர் மனச்சாட்சிக்கும், அன்போடு இடித்துரைக்கும் நண்பருக்குமே அதிகாரம் உண்டு. சக மனிதன் கொல்லப்படுகையில் தான் உயிரோடு எஞ்சியிருப்பதே ஒரு குற்றமென உணரும் நிலை நான்காவது. அதை அறிபவன் கடவுள் ஒருவனே.

இந்தப் பாகுபாட்டின் பெருமை, வென்றவனின் கை எதுவரை நீளலாம் என்பதை அது காட்டியதில் இருக்கிறது. சைன்யம் ஒரு நகரத்தைப் பிடிக்கலாம், அதன் தொழிற்சாலைகளைக் கழற்றிக்கொண்டு போகலாம், அதன் தலைவர்களைத் தூக்கிலிடலாம். ஆனால் ஒரு மனிதனின் அந்தராத்மாவுக்குள் புகுந்து அவனை வருந்தச் செய்ய எந்தச் சேனாதிபதியாலும் ஆகாது. ஒரு ஜனசமூகம் முழுவதற்கும் ஒரே ஆத்மா இருப்பதாகக் கருதி அதைப் பாவி என்று தீர்ப்பதையும் யாஸ்பர்ஸ் மறுத்தார். இனம் முழுவதையும் குற்றவாளி என்பது, யூதர்மீது நாஜிகள் கையாண்ட அதே சிந்தனை முறையல்லவா? ஆயினும் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லி ஒதுங்கவும் அவர் எவரையும் விடவில்லை.

பெர்லினின் வரைபடத்தை முன்னே விரித்துக்கொண்டு பார்ப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். ஆணைகள் பிறந்த ஹிட்லரின் மாளிகை சோவியத் பகுதியில் விழுந்தது. ரகசியப் போலீஸின் தலைமையகம் இருந்த இடம், எல்லைக்கோட்டை ஒட்டி, அமெரிக்கப் பகுதியில் விழுந்தது. ஐரோப்பிய யூதரை அழித்தொழிக்கும் ஏற்பாடுகளை ஒருங்கிணைக்க 15 அதிகாரிகள் 1942 ஜனவரி 20 அன்று கூடிய வான்ஸே ஏரிக்கரை மாளிகையும் அமெரிக்கப் பகுதியிலேயே இருந்தது. 1941 அக்டோபர் முதல் பெர்லின் யூதரை ஏற்றிக்கொண்டு ரயில்கள் புறப்பட்ட குரூனவால்ட் நிலையமோ பிரிட்டிஷ் பகுதியில் இருந்தது. நினைத்தவனின் அறையும், திட்டமிட்டவனின் மேசையும், ஏற்றியனுப்பியவனின் நடைமேடையும் தனித்தனி அதிகாரத்தின் கீழ்ப் போயின. ஒரே பாதகத்தின் அங்கங்கள் இவ்வாறு சிதறியபின், அதை முழு உருவில் காண எவரும் நெடுங்காலம் முனையவில்லை. ரகசியப் போலீஸ் கட்டடத்தின் இடிபாடுகள் 1950-களில் தகர்த்து அகற்றப்பட்டன. அந்த நிலத்தின் ஒரு பகுதியில் பின்னாளில் உரிமம் இல்லாதவர் கார் ஓட்டிப் பழகினர். வான்ஸே மாளிகை 1952 முதல் பள்ளிச் சிறுவர் தங்கும் விடுதியாயிற்று. அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் மீண்ட வரலாற்றாசிரியர் யோசப் வுல்ஃப், அம்மாளிகையை நாஜிக் கொடுமைகளின் ஆவணச் சாலையாக்க வேண்டுமென்று 1960-களில் மன்றாடினார், செவிசாய்ப்பாரில்லை. 1974-இல் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவர் வேண்டியது 1992-இல்தான், அந்தக் கூட்டம் நடந்து சரியாக 50 ஆண்டுகளுக்குப் பின், நிறைவேறியது. இந்தத் தாமதத்தை என்னால் சாதாரண அலட்சியம் என்று எண்ண முடியவில்லை.

பிரிவினை செய்த பெருந்தீங்கு இங்கேதான் இருக்கிறதென்பது என் துணிபு. பழியைச் சுமக்க மனமில்லாதவனுக்கு அதை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். பிரிந்த நகரம் ஒவ்வொரு பாதிக்கும் அப்படி ஓர் இடத்தைத் தந்தது. பாசிசத்தை எதிர்த்துப் போராடியவர்களின் ராஜ்யம் எங்களுடையது, குற்றவாளிகளின் வாரிசுகள் எல்லைக்கு அப்பால் இருக்கிறார்கள் என்று கிழக்கு சொல்லிற்று. அவ்வாறு சொல்லி, இஸ்ரேலுக்கு ஈடுசெய்யும் கடமையையும் பல்லாண்டுகள் மறுத்தது. மேற்கில், மூன்றாண்டுகளுக்கு முன் குண்டு பொழிந்த நாடுகளின் விமானங்களே ரொட்டியும் நிலக்கரியும் கொண்டுவந்தபோது, முற்றுகையில் வாடிய தம் துன்பமே ஜனங்களின் கண்முன் நின்றது. அதற்கு முன் நடந்தது பின்னே மறைந்தது. மேற்கு ஜெர்மனி 1952-இல் லக்ஸம்பர்க் உடன்படிக்கையின்படி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் தர இசைந்ததை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பொக்கிஷத்திலிருந்து பணம் கொடுப்பது வேறு, நெஞ்சறிந்து வருந்துவது வேறு.

நான்கு வல்லரசுகளும் கடைசிவரை சேர்ந்து நடத்தியவை மிகச் சிலவே. வான்வழிப் பாதுகாப்பு மையம் ஒன்று. ஸ்பாண்டவ் சிறைச்சாலை மற்றொன்று. 1947-இல் நாஜித் தலைவர் ஏழு பேர் அங்கே அடைக்கப்பட்டனர். மாதத்துக்கு ஒரு நாட்டின் காவலர் என்ற முறை, உலகம் இருகூறாகி அணுகுண்டுகளோடு எதிரெதிரே நின்ற காலத்திலும் பிறழவில்லை. 1966-க்குப் பின் ருடால்ஃப் ஹெஸ் என்ற ஒரே கைதிக்காக அந்தப் பெரிய சிறை முழுவதும் இயங்கிற்று. 1987-இல் அவர் இறந்ததும் அது இடிக்கப்பட்டது. தண்டிப்பதில் இவ்வளவு நீண்ட ஒற்றுமை காட்டியவர்களால், ஹெஸ் தம் செய்கைக்கு வருந்தும்படி செய்ய முடியவில்லை. நியூரம்பர்க் நீதிமன்றத்திலேயே, எதற்கும் நான் வருந்தவில்லை என்று சொன்னவர் அவர்.

அப்படியானால் பெர்லின் மக்கள் பட்ட பாடு பிராயச்சித்தம் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். பட்டினி, குளிர், படைவீரர் பெண்களுக்கு இழைத்த கொடுமை, இடிந்த வீடுகளின் செங்கற்களைக் கையால் பொறுக்கி அடுக்கிய தாய்மாரின் உழைப்பு ஆகியவற்றை அறிந்தவர் எவரும் இக்கேள்வியை எளிதாகத் தள்ள மாட்டார். ஆனாலும் நான் அதை ஒப்பவில்லை. அந்தத் துன்பத்தில் பெரும்பங்கு யாருக்கும் தீங்கு நினையாத குழந்தைகள் தலையில் விழுந்தது. அவர்கள் பட்ட துன்பம் ஒரு புதிய அநீதியே தவிர, பழைய அநீதிக்குச் செலுத்திய விலையாகாது. துன்பம் ஒருவனைத் தன் செயலின்பால் திருப்பலாம், அல்லது தன்னிரக்கத்தில் ஆழ்த்தலாம். எது நேரும் என்பது அவன் ஆத்மாவின் சுதந்திரம். அந்தக் குழந்தைகளுக்குப் பாவம் இல்லை. ஆனால் பொறுப்பு உண்டு. தகப்பன் விட்டுச்சென்ற வீட்டில் குடியிருக்கும் மகன், கடனை வாங்கியது நானல்ல என்று சொல்லித் தப்ப முடியாதவாறு, ஒரு நாட்டின் பெயரையும் மொழியையும் செல்வத்தையும் ஏற்பவன் அதன் கடனையும் ஏற்றேயாக வேண்டும்.

எல்லைக்கோடு கூறுபோட முடியாத ஓர் இடம் சில காலம் இருந்தது. ஜெர்மன் சுவிசேஷ சபை 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் தன் குற்றத்தை அறிக்கையிட்டபோது, யூதரை அது பெயர் சொல்லவில்லை. அந்த அளவு அறிக்கைக்கே சபையாருக்குள் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் இரு ஜெர்மனிகளுக்கும் இன்னும் ஒரே சபையாக இருந்த அந்தச் சபையின் மகாசபை 1950 ஏப்ரலில் பெர்லினின் சோவியத் பகுதியான வைஸன்ஸேயில் கூடி, யூதர்மீது நடந்த அக்கிரமத்தில் செய்யாமையாலும் மௌனத்தாலும் தாங்களும் பங்காளிகள் என்று ஒப்புக்கொண்டது. கிழக்கிலிருந்து வந்தவரும் மேற்கிலிருந்து வந்தவரும் ஒரே வாக்கியத்தில் ‘நாங்கள்’ என்று தம்மைச் சேர்த்துக்கொண்ட அந்தக் கணத்தில், மறுபாதியைச் சுட்ட எவருக்கும் விரல் இல்லை. அந்தச் சபையும் 1969-இல் பிரிய நேர்ந்தது துர்பாக்கியம்.

கிழக்கு ஜெர்மனியில் முதன்முதலாகச் சுதந்திரமாக நடந்த தேர்தல் 1990 மார்ச் 18 அன்று வந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் சபை, ஏப்ரல் 12 அன்று, நாற்பதாண்டுகளாகத் தங்கள் அரசு மறுத்துவந்த பொறுப்பைத் தங்களுடையது என்று ஏற்று, உலகெங்குமுள்ள யூதரிடம் மன்னிப்புக் கேட்டது. ஐந்து மாதங்கள் கழித்து, செப்டம்பர் 12 அன்று, நான்கு வல்லரசுகளும் பெர்லின்மீது தமக்கிருந்த உரிமைகளை முடிவுக்குக் கொண்டுவரும் ஒப்பந்தத்தில் மாஸ்கோவில் கையெழுத்திட்டன. பழியை ஒப்புக்கொண்டது முதலிலும், விடுதலை அதன் பின்னரும் வந்தன. அந்த வரிசையே தர்மத்துக்குப் பொருந்தியது என்று நான் கருதுகிறேன்.