அர்ஜுனன் மறந்தது

போர் முடிந்து நாடு கைக்கு வந்துவிட்டது. இந்திரப்பிரஸ்தத்து மண்டபத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது அர்ஜுனன் கிருஷ்ணனிடம் மெதுவாக ஒரு விஷயத்தை எடுக்கிறான். அன்றைக்குப் போர்க்களத்தில் நீ சொன்னதெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது, நீ துவாரகைக்குக் கிளம்பப் போகிறாய், போவதற்குள் இன்னொரு தரம் சொல்லிவிடு என்கிறான். கிருஷ்ணனுக்கு வருத்தம். எவ்வளவு பெரிய ரகசியம், அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே உனக்கு என்று கடிந்துகொள்கிறான். அன்றைக்கு யோகத்தில் இருந்து சொன்னேன், அதை அப்படியே திருப்பிச் சொல்ல இனி என்னாலும் ஆகாது என்றும் சொல்லிவிடுகிறான். பிறகு மனம் இறங்கி, ஒரு பழங்கதையில் தொடங்கி, வேறு வழியாகச் சொல்லிக்கொண்டு போகிறான்.

அசுவமேத பர்வத்தில் வரும் இந்தப் பகுதிக்கு அனுகீதை என்று பெயர். கீதைக்கு 18 அத்தியாயம், இதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனாலும் இதை யாரும் பாராயணம் செய்து நான் பார்த்ததில்லை. உபன்யாசகர்களும் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. பகவானே நேரில் சொன்னதை ஒருவன் மறந்தான் என்று மேடையில் சொல்லச் சங்கடமாக இருக்கும் போலிருக்கிறது.

நான் அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் வெல்டர் பிரிவுக்குப் பயிற்றுநர். மாவட்ட மைய நூலகத்தில் ம.வீ. இராமானுஜாசாரியார் கொண்டுவந்த கும்பகோணம் பதிப்பை எடுத்து அந்தப் பர்வத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு வருஷக்கணக்காக நடப்பதும் இதுதானே! வேலையில் இருக்கும் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஏற்கெனவே கற்றதை மறுபடி கற்றுக்கொடுப்பது. ரெஃப்ரஷர் என்போம். அர்ஜுனன் விஷயத்தில் ஒரு வித்தியாசம், அவனாகக் கேட்டான். எங்களுக்கு ஆர்டர் வரும்.

பயிற்சியில் இரண்டு ரகம். புது மெஷினுக்கான பயிற்சி ஒன்று. 2022இல் தமிழ்நாட்டின் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 4.0 தொழில்நுட்ப மையங்களாக்க டாடா டெக்னாலஜிஸோடு ஒப்பந்தம் போட்டார்கள், சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டம். ரோபோ வந்தது, கம்ப்யூட்டரோடு புது மெஷின்கள் வந்தன. அவற்றைக் கற்க உட்காருவதில் ஐம்பது வயசுக்காரனுக்கும் கூச்சமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் என்ன கௌரவக் குறைச்சல்? கஷ்டமெல்லாம் இரண்டாவது ரகத்தில்தான். உனக்குத் தெரிந்ததை, தினமும் நீ சொல்லிக்கொடுப்பதை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று வந்து கற்றுக்கொள் என்கிறார்களே, அங்கேதான் உள்ளே ஏதோ முறுக்கிக்கொள்கிறது. பவர்பாயின்ட்டை வரிக்கு வரி வாசித்துவிட்டு டீ கொடுத்து அனுப்பும் வகுப்புகளும் உண்டு. அவற்றைப் பற்றி எழுதினால் காகிதம்தான் வீண்.

பயிற்றுநர் ஆவதற்கான படிப்பில் பாடம் நடத்த நான்கு படிகள் சொல்லித் தருவார்கள். மாணவனைத் தயார் செய், செய்து காட்டு, அவனைச் செய்ய வை, சோதித்துப் பார். ஏறக்குறைய இதே நான்கையும் சார்லஸ் ஆலன் என்ற அமெரிக்கர் 1919இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். முதல் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தளங்களுக்கு அவசரமாக ஆள் தயார் செய்த அனுபவம் அவருடையது. இரண்டாம் போர் வந்ததும், 1940 முதல் 1945 வரை, அந்த முறையைச் சுருக்கி அமெரிக்கத் தொழிற்சாலைகளின் மேஸ்திரிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதன் அடிப்படைக் கொள்கை ஈவிரக்கமில்லாதது. தொழிலாளி கற்கவில்லையா, அப்படியென்றால் நீ கற்பிக்கவே இல்லை. நாள் முழுக்கத் தொண்டை வறள நின்றிருக்கலாம், அது கணக்கில் வராது.

கீதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது எதிர்த்திசை. செயலில்தான் உனக்கு உரிமை, பலனைப் பார்க்காதே என்பதைச் சாக்காக வைத்துப் பிழைக்கும் வாத்தியார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் நடத்திவிட்டேன், ஏறாதது அவன் தலையெழுத்து என்பார்கள். ஆனால் அந்தக் கிருஷ்ணன் என்ன செய்கிறான்? பதினெட்டாம் அத்தியாயத்தின் கடைசியில், யோசித்து உன் இஷ்டப்படி செய் என்று சொல்லிவிட்டவன், அதோடு எழுந்து போகவில்லை. மனசை நிறுத்திக் கேட்டாயா, மயக்கம் போயிற்றா என்று அர்ஜுனனைக் கேட்கிறான். நான்காம் படி! பலனைப் பார்க்காதே என்றவனே பலனைச் சோதித்துப் பார்க்கிறான். கற்பித்தல் என்ற செயலுக்கு மட்டும் பலனை வெட்டித் தனியே வைக்க முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. அரிஸ்டாட்டிலும் இயற்பியல் நூலில் இதைத் தொட்டிருக்கிறார். கற்பிப்பதும் கற்பதும் ஒரே நிகழ்ச்சி, அது நடக்கும் இடம் மாணவன் என்பது அவர் கட்சி. ஏதென்ஸிலிருந்து தீப்ஸுக்குப் போகும் சாலையும் தீப்ஸிலிருந்து ஏதென்ஸுக்கு வரும் சாலையும் ஒன்றேதான் என்று உதாரணம் காட்டுகிறார்.

சரி, சோதித்தாயிற்று, அர்ஜுனனும் தெளிந்தேன் என்றான். அப்புறம் மறந்தான். இப்போது கிருஷ்ணன் கற்பித்தானா, இல்லையா?

ஒரு பயிற்சியில் எங்களுக்கு ஜாப் பிரேக்டவுன் ஷீட் எழுதச் சொன்னார்கள். செய்யும் வேலையைப் படிப்படியாக உடைத்து இடப்பக்கம் படி, வலப்பக்கம் அந்தப் படியின் சூட்சுமம். நான் எடுத்துக்கொண்டது செங்குத்து வெல்டிங், 3ஜி பொசிஷன், கீழிருந்து மேலே. மூன்று வரியில் முடித்துவிட்டேன். ஜாபை நிமிர்த்திக் கிளாம்ப் செய்யவும். கரண்ட் செட் செய்யவும். கீழிருந்து மேலாகச் சீராக வெல்டு செய்யவும். சொல்லிக்கொடுக்க வந்திருந்தவர் என்னைவிடச் சின்னப் பையன். படித்துப் பார்த்துவிட்டு, “மூணாவது வரியிலதான் சார் உங்க சம்பளமே இருக்கு. அதை விரிச்சு எழுதுங்க” என்றார்.

விரிக்க வரவில்லை. கையை ஆட்டாமல் என்று எழுதினேன், அடித்தேன். கை ஆடாமல் எப்படி வெல்டு போடுவது? பொறுமையாக என்று எழுதினேன். அது என்ன, அறிவுரையா?

அவர் ஒரு காரியம் செய்தார். வேறு ஊர் ஐ.டி.ஐ.யிலிருந்து வந்திருந்த தையல் பிரிவு மேடத்தின் கையில் ஒரு ஷீல்டைக் கொடுத்து, சார் செய்வதைப் பார்த்து நீங்கள் எழுதுங்கள் என்றார். பத்து எம்.எம். பிளேட், 3.15 ராடு. நான் போட்டு முடித்து, ஸ்லாக்கைத் தட்டி, பிரஷ் போட்டுவிட்டுத் திரும்பினால் மேடம் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். ராடு தொடுவதற்கு முன் மூச்சை இழுத்து நிறுத்துகிறார். வலது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்கிறார். இரண்டு ஓரங்களிலும் ஒரு கணம் நிற்கிறார், நடுவில் நிற்காமல் கடக்கிறார். வடகம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது, அது மாறினால் உடனே ராடை உள்ளே தள்ளுகிறார்.

ஓரத்தில் நிற்பது எனக்குத் தெரிந்ததுதான், நிற்காவிட்டால் அண்டர்கட் விழும். பையன்களுக்கும் சொல்வேன். மூச்சு?

“நானா? அப்படியெல்லாம் இல்லியே மேடம்.”

“இன்னொரு ராடு போடுங்க சார், நீங்களே பாருங்க. ஊசியில நூல் கோக்கறப்ப நாங்களும் மூச்சை நிறுத்துவோம். அதான் கண்ணுல பட்டுது.”

போட்டேன். நிறுத்தத்தான் செய்கிறேன்.

இதை எனக்கு யாரோ ஒருநாள் சொல்லியிருக்க வேண்டும். என் வாத்தியார் முதுகில் ஒரு தட்டுத் தட்டி மூச்சைப் பிடிடா என்றிருக்கலாம். நினைவில் இல்லை. சொன்ன சொல் போய்விட்டது, சொன்ன காரியம் விலாவிலும் நெஞ்சிலும் தங்கிவிட்டது. சீனத்துச் சுவாங் ட்சு நூலில் ஒரு சக்கரத் தச்சன் வருகிறான், எழுபது வயதிலும் உளி பிடிப்பவன். கைக்குத் தெரிவதை வாய்க்குக் கொண்டுவர முடியவில்லை, பெற்ற மகனுக்கே கடத்த முடியவில்லை என்று அரசனிடம் சொல்கிறான். என் ஷீட்டின் மூன்றாவது வரியை அவனிடம் கொடுத்திருந்தால் அவனும் அவ்வளவுதான் எழுதியிருப்பான்.

அர்ஜுனனுக்கும் அப்படி ஆகியிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். 18 நாள் போரில் உபதேசம் கைக்குள் இறங்கிவிட்டது, வார்த்தை உதிர்ந்துவிட்டது, அதைப் போய்க் கடிந்துகொள்வானேன் என்று அவனுக்காக வாதாடினேன். ஆனால் கதை இடம் கொடுக்கவில்லை. அபிமன்யு விழுந்த அன்று இரவு அவன் என்ன ஆனான்? நாளைச் சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்லாவிட்டால் தீயில் இறங்குவேன் என்று கத்தினான். இன்பத்திலும் துன்பத்திலும் ஒரே நிலையில் இரு என்ற பாடம் அப்போது அவன் கையிலும் இல்லை, நெஞ்சிலும் இல்லை. மகனைப் பறிகொடுத்த தகப்பனைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் பாடம் பாடம்தான். அவன் மறந்ததில் பாதி உடம்போடு கரைந்தது, பாதி நிஜமாகவே தொலைந்தது.

எது கரைந்தது, எது தொலைந்தது என்று மறந்தவனுக்குத் தெரியாது. உள்ளேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வெறுமைதான். இத்தனை வருஷம் வெல்டு போட்ட எனக்கு என் மூச்சு தெரியவில்லை, என் தொழில் அறியாத ஒருத்தருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. அதனால்தான் அர்ஜுனன் போய்க் கேட்டதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். ஜெயித்தவன், எல்லாரும் வில்லாளி என்று கொண்டாடுகிறவன், மறந்துபோச்சு என்று வாயைத் திறந்து சொல்கிறான். எங்கள் வகுப்பறைகளில் அந்த வாக்கியத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கிருஷ்ணனும் அதே மாதிரி ஒன்றைச் சொன்னான் என்பதை விட்டுவிடக் கூடாது. என்னாலும் அப்படியே திருப்பிச் சொல்ல முடியாது என்றான். கடவுள் இப்படிச் சொல்லலாமா என்று உரைகாரர்கள் தவித்திருப்பார்கள். எனக்கு அதில் தவிப்பில்லை. நல்ல டெமோ ஒன்று ஒருநாள் அமையும், அடுத்த பேட்சுக்கு அதே வார்த்தையைச் சொன்னால் உப்புச்சப்பில்லாமல் போகும், வேறு கதைதான் எடுக்க வேண்டும். அவனும் அதைத்தான் செய்கிறான். அந்த வேறு கதைகள் ஒன்றில் ஒரு குருவும் சீடனும் வருகிறார்கள். யார் அந்தக் குரு, யார் சீடன் என்று அர்ஜுனன் கடைசியில் கேட்கிறான். குரு நான்தான், சீடன் என் மனசு என்கிறான் கிருஷ்ணன். அர்ஜுனனுக்குச் சொல்வதுபோல் தன் மனசுக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தானா? அப்படியானால் அந்த ரெஃப்ரஷரில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பயிற்சியின் கடைசி நாள் மத்தியானம் ஒரு படிவம் கொடுப்பார்கள், என்ன கற்றீர்கள், பயனுள்ளதா, ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் இடுக. எல்லாரும் ஐந்து போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிப்போம். இதை ஒரு வருஷம் கழித்துத் தபாலில் அனுப்பினால் என்ன என்று மேடத்திடம் கேட்டேன். “ஒரு வருஷத்துல என்ன சார் ஞாபகம் இருக்கும்? வெறும் பேப்பர்தான் திருப்பி அனுப்புவேன்” என்றார். அந்த வெறும் பேப்பரோடு, அவருடைய மெஷின் பக்கத்தில் ஒரு வெல்டரை நிறுத்திப் பார்த்து எழுதச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, வெல்டர் வந்தால் துணியில் கரி படியுமாம்.