பெயரறியாக் கை

வைகை கடலோடு கலக்கும் இடத்தருகே, இராமநாதபுரம் மாவட்டத்தில், அழகன்குளம் என்னும் கடற்கரைச் சிற்றூர் உள்ளது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87ஆம் ஆண்டு முதல் பல கட்டங்களாக அங்கு நடத்திய அகழாய்வுகளில் கிடைத்தவற்றுள் ஒரு பானை ஓடும் அடங்கும். மூன்று பாய்மரங்கள் கொண்ட பெருங்கப்பல் ஒன்று அதில் கீறப்பட்டிருக்கிறது. உரோமாபுரிக்கும் இந்தியாவுக்கும் இடையே ஓடிய பெருங்கலங்களின் வகையைச் சேர்ந்தது அது என்று கப்பல் வரலாற்று அறிஞர் லயனல் காசன் கருதினார். கப்பலின் இனம் தெரிந்துவிட்டது. கீறியவன் மாலுமியா, வணிகனா, குயவனா என்பது தெரியவில்லை. பெயர் மறைந்தால் மனிதனும் மறைந்துவிடுகிறானா?

கிரேக்க நாட்டிலிருந்து இதற்கொரு விடை கிடைக்கிறது. ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரில் மட்கலங்களில் ஓவியம் தீட்டி வாழ்ந்தான் ஒருவன். பளபளக்கும் கறுப்புப் பரப்பில் தனியொரு உருவத்தை நிறுத்துவது அவன் பாணி. அவனுடைய பெயர் இன்றளவும் தெரியாது. ஆங்கில அறிஞர் ஜான் பீஸ்லி 1911இல் அவன் கைவண்ணங்களை இனங்கண்டு தொகுத்தார். பெர்லின் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு சாடியை வைத்து, 'பெர்லின் ஓவியன்' என்பதே அவனுக்குப் பெயராயிற்று. நூற்றுக்கணக்கான கலங்கள் இன்று அவனுடையவை எனக் கொள்ளப்படுகின்றன.

கையொப்பமின்றி எவ்வாறு கண்டறிந்தார்? காதின் வளைவு, கணுக்காலின் கோடு, கழுத்தெலும்பின் சாய்வு ஆகிய சிறு கூறுகளைப் பீஸ்லி உற்று நோக்கினார். பிறர் மெச்ச வேண்டுமென்று ஓவியன் முயலுமிடம் வேறு. பழக்கத்தால் கை தானே ஓடுமிடம் வேறு. எவரும் உற்றுப் பாராத இடத்திலேதான் அவன் தன்னை எழுதிவைத்தான். மனிதனின் ஒழுக்கமும் இத்தகையதன்றோ?

முதுகுளத்தூர் வட்டாரத்தில் விளையும் குண்டு மிளகாயை எண்ணிப் பாருங்கள். 2023இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புகழ் மாவட்டத்தின் பெயருக்கு. விளைவித்தவர் பெயர் மூட்டையில் இராது. ஆயினும் மூட்டையின் அடியில் கிடப்பதும் மேலே தெரிவதும் ஒரே தரமாக இருக்குமானால், அந்த நேர்மையே அவருடைய கையொப்பம். அடியில் சொத்தையைக் கலப்பவரும் கையொப்பமிடவே செய்கிறார்!

பெயர் விரும்பாது உழைப்பது நிய்யத்தின் தூய்மை என்று போற்றுகிறோம், போற்றத்தக்கதே. ஆனால் அந்தத் தூய்மையைக் காரணம் காட்டி, உழைத்தவரை நாம் மறந்துவிடலாகுமா? கட்டடத்துக்குப் பொருள் தந்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். அந்தக் கல்லைச் செதுக்கியவர் பெயரைக் கேட்பதுகூட இல்லை. பெயரை நாடாமை அவருடைய பெருந்தன்மை. அதைக் கேளாதிருப்பது நமக்கு எவ்வகையிலும் பெருமையன்று.

அழகன்குளத்துக் கையின் பெயரை இனி எவரிடம் கேட்பது? நம் வீட்டுச் சுவரை எழுப்பிய கொத்தனாரின் பெயரையேனும் இன்றே கேட்டறிந்து, நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாமே!