ஆமையின் நினைப்பு

கோழி தொட்டும், மீன் பார்த்தும், ஆமை நினைத்தும் குஞ்சு பொரிக்கும் என்பது சைவர்கள் குருவின் தீட்சைக்குச் சொல்லும் உவமை. மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, ஆமை முட்டைப் பொரிப்பகத்தின் வேலியருகே நின்றபோது அது என்னை உறுத்தியது. பங்குனி ஆமை ஓரிரவு கரையேறி, சுமார் நூறு முட்டையிட்டு மூடிவிட்டுப் போகிறது, அவற்றைப் பார்க்கத் திரும்புவதில்லை. 45 முதல் 60 நாள் வரை அடைகாப்பது மணலின் சூடுதான். ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடே தீர்மானிக்கிறது. மணல் அதிகம் காய்ந்தால் பெண் குஞ்சுகள் மிகும். உப்பை விளைவிக்கும் அதே வெயில்! அப்படியானால் நினைப்பது யார்? முட்டைகளைப் புரட்டாமல் கூடையில் கொண்டுவந்து, தாய் தோண்டிய ஆழத்திலேயே புதைக்கும் காவலர் என்பேன்.

“முட்டைகளை நாய் தோண்டித் தின்பது அதன் வினை, நாம் ஏன் தடுக்கணும்?” என்றார் உடன்வந்த பெரியவர்.

“இழுவை வலையில் தாய் மூச்சடைத்துச் சாவது நம் வினைதானே, ஐயா?” என்றேன்.